லூட் என்பது யாழா, வீணையா?

ஐரோப்பாவின் முற்கால இசையைக் கேட்கத் தொடங்கும் தமிழர் ஒருவர் முதலில் எதிர்கொள்ளும் கருவிப் பெயர்களுள் ஒன்று லூட். நெடுக்காகப் பாதியாக அறுத்த பேரிக்காய் போன்ற வயிறும், குட்டையான கழுத்தும், ஏறத்தாழச் செங்கோணத்தில் பின்னோக்கி மடிந்த தலையும் உடைய இந்த நரம்புக் கருவியைத் தமிழில் சிலர் யாழ் என்று எழுதுகின்றனர். சிலர் வீணை என்கின்றனர். முதலாவது பிழை. இரண்டாவது பாதியளவே சரி. இதனைத் தெளிவாக்க, சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் கருவி எவ்வாறு ஒலிக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது. அரபியில் ஊத் என்றால் மரம், மரக்கட்டை. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் அல் என்னும் முன்னொட்டு அதனோடு சேர்ந்து அல்-ஊத் ஆகிறது. இன்றும் அரபு நாடுகளிலும் துருக்கியிலும் இசைக்கப்படும் ஊத் என்னும் கருவியின் பெயர் இதுவே. முகப்பில் தோல் போர்த்திய பழைய கருவிகளிலிருந்து வேறுபட்டு, மெல்லிய மரப்பலகையை முகப்பாகக் கொண்டதால் இப்பெயர் வந்தது என்று பலர் விளக்குகின்றனர். பாரசீகத்தில் நரம்பைக் குறிக்கும் ரூத் என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தும் ஆய்வாளரும் உள்ளனர்; ஆயினும் மரம் என்னும் பொருளே பெரும்பாலோர் ஏற்பது.

ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் அரபு ஆட்சி நிலவிய நூற்றாண்டுகளில் கருவியும் பெயரும் ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தன. 822-இல் கொர்தோபா நகருக்கு வந்த சிர்யாப் என்னும் இசைவாணர் ஊத் கருவியில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்றும், மரத்துண்டுக்கு மாறாகக் கழுகின் இறகுத்தண்டால் மீட்டினார் என்றும் மரபுவழிச் செய்தி உண்டு. கேட்டவர்கள் அல் என்பது தனிச்சொல் என்று அறியாமல், அதன் லகரத்தைப் பெயரின் முதலெழுத்தாகவே எடுத்துக்கொண்டனர். போர்த்துக்கேய மொழியில் அகரமும் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் அது உதிர்ந்து லாவூத் என்றாயிற்று. இத்தாலியர் லியூட்டோ என்றும், செருமானியர் லௌட்டெ என்றும் வழங்கினர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் லூட் ஆயிற்று. நாம் பள்ளியில் கற்ற அல்ஜிப்ராவும், ஆல்கஹாலும் இதே முன்னொட்டை முழுமையாகச் சுமந்துகொண்டிருப்பவை.

தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஓர் உறவும் இங்கே உண்டு. அரபு ஊத் என்னும் சொல் பொதுவாக மரத்தைக் குறிப்பதோடு, நறுமணப் புகை தரும் அகிற்கட்டையையும் குறிக்கும். அப்பொருளில் அது உருது வழியாக இந்திய மொழிகள் பலவற்றில் புகுந்து, பத்தி என்பதோடு சேர்ந்து, தமிழில் ஊதுவத்தி என்று வழங்கலாயிற்று. ஊதுதல் என்னும் நம் வினைச்சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் அது தமிழ்ச்சொல் போலவே தோன்றுகிறது. உண்மையில் நம் வீட்டுப் பூசை மாடத்தில் புகையும் வத்தியின் பெயரும், லண்டனிலும் வெனிசிலும் மீட்டப்பட்ட லூட்டின் பெயரும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

இனிக் கருவிக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் லூட்டை இறகுத்தண்டால் மீட்டினர். ஒரு நேரத்தில் ஓர் இசையிழையைத்தான் அதனால் எளிதாக வாசிக்க முடிந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறகை விட்டு விரல்களால் மீட்டத் தொடங்கியபோது, இரண்டு மூன்று இசையிழைகளை ஒரே கருவியில் ஒருசேர ஒலிக்கச் செய்யும் ஆற்றல் பிறந்தது. 1500-ஐ ஒட்டிய காலத்து லூட்டில் ஆறு வரிசை நரம்புகள் இருந்தன. மிக மெல்லிய நரம்பு பெரும்பாலும் ஒற்றையாகவும் மற்றவை இரட்டையாகவும் அமைந்ததால் மொத்தம் 11 நரம்புகள். அனைத்தும் விலங்குக் குடலிலிருந்து முறுக்கியவை. 1507-இல் வெனிசில் பெத்ருச்சி அச்சிட்ட ஸ்பினாச்சினோவின் நூலே லூட்டுக்கென அச்சேறிய முதல் இசைநூலாக நமக்குக் கிடைத்துள்ளது. அதன்பின் ‘தெய்வீகர்’ என்று போற்றப்பட்ட இத்தாலியின் பிரான்செஸ்கோ தா மிலானோ, இங்கிலாந்தின் ஜான் டௌலண்ட் ஆகியோர் இக்கருவியை உச்சிக்குக் கொண்டுசென்றனர். நரம்பு வரிசைகளும் பெருகின. 18-ஆம் நூற்றாண்டில் செருமனியின் திரெஸ்டன் அரசவையில் வாசித்த சில்வியஸ் லியோபால்ட் வைஸ் தம் பிற்காலத்தில் 13 வரிசைகளுக்கு இசையமைத்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் கருவி வழக்கொழிந்தது.

மீட்டெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்களே. இசைவாணரும் கருவி செய்பவருமான அர்னால்டு டால்மெட்ச் 1890-களில் இங்கிலாந்தில் பழைய கருவியைப் பார்த்து மீண்டும் ஒரு லூட்டைச் செய்தார்; 1956-இல் அங்கே லூட் சங்கம் தோன்றியது. பழைய கையெழுத்துச் சுவடிகளின் ஒளிப்படிகளைப் பகிர்ந்து, அருங்காட்சியகங்களில் எஞ்சிய கருவிகளை அளந்து, கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் செல்ல வேண்டுமா வெளியே நீள வேண்டுமா என்பது வரை ஓவியங்களைக் கொண்டு ஆராய்ந்து, ஒரு மறைந்த கலையை இழையிழையாக மீட்ட அவர்களுடைய உழைப்பு என்னை எப்போதும் நெகிழச் செய்கிறது. தொடக்கநிலையாளருக்கு அவர்கள் சொல்லும் வழி எளியது: கிதாரின் மூன்றாம் நரம்பை அரைச்சுரம் தாழ்த்தினால் ஆறு வரிசை லூட்டின் சுருதி இடைவெளிகள் கிடைத்துவிடும், லூட்டுக்கான பழைய ஏடுகளை அப்படியே பார்த்து வாசிக்கலாம்.

இப்போது யாழ். சங்கப் பாடல்களில் வரும் யாழ் வில்லின் வழி வந்தது. பத்தர் என்னும் ஒலிப்பெட்டியிலிருந்து வளைந்தெழும் கோடு என்னும் தண்டில் நரம்புகள் கட்டப்படும். ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்தை மட்டும் தரும். ஆகவே பல சுரங்களுக்குப் பல நரம்புகள் தேவை. பேரியாழுக்கு 21 நரம்புகள் சொல்லப்படுவதன் காரணம் அதுவே. மியன்மாரில் இன்றும் வாசிக்கப்படும் சௌங் இதன் நெருங்கிய உறவு. லூட்டில் அடிப்படையே வேறு: நரம்பு கழுத்தின் மீது ஓடுகிறது, இடக்கை விரல் அதனை அழுத்தி நீளத்தைக் குறைக்கும்போது ஒரே நரம்பு பல சுரங்களைத் தருகிறது. 1914-இல் இசையியலாளர்களான ஹார்ன்பாஸ்டெலும் சாக்ஸும் வகுத்த இசைக்கருவிப் பாகுபாட்டில் இவ்விரண்டும் தனித்தனி இனங்கள். நேரான கோடு உடைய செங்கோட்டியாழே வீணையாக வளர்ந்தது என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து நிலைபெற்றாலும், யாழ் என்னும் பொதுச்சொல் தமிழர் மனத்தில் எழுப்பும் உருவம் வளைந்த கோடும் திறந்த நரம்புகளுமே. விபுலானந்த அடிகள் 1947-இல் ‘யாழ் நூல்’ என்னும் தம் நூலின் மூலம் அவ்வுருவத்தை நமக்கு மீட்டுத் தந்த பின்னர், லூட்டை யாழ் என்று எழுதுவது அந்த உழைப்பையே மங்கச் செய்வதாகும்.

வீணை என்னும் சொல்லின் நிலை வேறு. அச்சொல்லும் தொடக்கத்தில் வில்வடிவக் கருவியையே குறித்தது. பின்னரே தண்டி என்னும் கழுத்தில் விரல் பதித்து வாசிக்கும் கருவிக்கு உரியதாயிற்று. இன்றைய தஞ்சாவூர் வீணையும் லூட்டும் இனத்தால் ஒன்றே. குடம் (ஒலிப்பெட்டி), தண்டி, மெட்டு (விரல் பதிக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குத் தடுப்பு), பிரடை (நரம்பை முறுக்கும் ஆணி) ஆகிய உறுப்புப் பெயர்கள் லூட்டுக்கும் தடையின்றிப் பொருந்தும். ஆயினும் வீணை என்றால் பலாமரத்துக் குடமும் யாளி முகமும் மெழுகில் பதித்த பித்தளை மெட்டுகளும் நினைவுக்கு வரும். லூட்டின் மெட்டோ கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல்நரம்பு. வாசிப்பவர் வேண்டிய அளவுக்கு நகர்த்திச் சுரத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே கருவியின் தனிப்பெயராக வீணை பொருந்தாது, இனப்பெயராகப் பொருந்தும்.

என் பரிந்துரை இது. கருவியை லூட் என்றே ஒலிபெயர்த்து எழுதுக. வயலினையும் கிதாரையும் அவ்வாறே ஏற்றோம்; அரபுக் கருவியை ஊத் என்று தனியே எழுதினால் இரண்டும் குழம்பா. கருவியியலில் அவ்வினம் முழுவதையும் குறிக்க வேண்டிய இடத்தில் வீணையினம் என்போம். யாழினம் என்பது வில்யாழுக்கும் அதன் உறவுகளுக்கும் உரியதாகட்டும். ஒரு வரிசையில் இரட்டையாக ஓடும் நரம்புகளை இணைநரம்பு எனலாம். சுரத்தைக் காட்டாமல், எந்த நரம்பில் எந்த மெட்டில் விரலை வைக்க வேண்டும் என்பதை எண்ணாலோ எழுத்தாலோ காட்டும் லூட் இசையின் எழுத்துமுறைக்கு விரலிடக் குறிப்பு என்பது பொருளை நேராக உணர்த்தும். ஐரோப்பாவின் இப்பழைய இசை முழுவதையும் தொல்லிசை என்று சிலர் சொல்லக்கூடும். அது வரலாற்றுக்கு முந்தைய காலத்தை நினைவூட்டுவதால் முற்கால இசை என்பதே தக்கது.

கழுத்தில் கட்டும் குடல்நரம்பு மெட்டுக்குத் திவவு என்னும் பழஞ்சொல்லை வழங்கலாமா என்று நெடுநாள் எண்ணியிருக்கிறேன். பெரும்பாணாற்றுப்படை திவவை மடந்தையின் முன்கையில் அணிந்த குறுந்தொடிக்கு ஒப்பிடுகிறது. லூட்டின் கழுத்தைப் பார்த்தவருக்கு அவ்வுவமை அப்படியே பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் யாழின் திவவு, நரம்பைத் தளர்த்தவும் இறுக்கவும் உதவிய வார்க்கட்டு. விரல் பதிக்கும் இடத்தைக் காட்டியதன்று. தோற்றம் ஒத்தாலும் தொழில் ஒவ்வாததால், மெட்டு என்னும் சொல்லையே கொள்கிறேன். வீணையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் கட்டுமெட்டு என்று எழுதலாம்.