டோட் லேன் கடையின் கணக்கு

1844 டிசம்பர் 21, ஆண்டின் மிக நீண்ட இரவு. மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்ற நெசவாளர் ஊரில், டோட் லேன் தெருவின் 31ஆம் எண் கட்டடத்தில் ஒரு மளிகைக் கடை திறந்தது. சுமார் 13 கிலோ வெண்ணெய், 25 கிலோ சர்க்கரை, 300 கிலோ கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. இவ்வளவுதான் சரக்கு, எல்லாம் சேர்த்து 17 இங்கிலாந்துப் பவுன்கூடப் பெறாது. கதவு திறந்ததும் தெருப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்கள்.

கடையின் மூலதனம் 28 பவுன். கம்பளி நெசவாளர்களும் வேறு சில தொழிலாளர்களும் வாரம் இரண்டு மூன்று பென்னியாக எடுத்துவைத்துச் சேர்த்த பணம் அது. ‘ராச்டேல் முன்னோடிகள்’ என்ற பெயரில் அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்திய கடை இது.

கூட்டுறவு அப்போதே பழைய யோசனைதான். ஸ்காட்லாந்தின் ஃபென்விக் நெசவாளர்கள் 1761இலேயே சங்கம் வைத்து, சில ஆண்டுகளில் ஓட்ஸை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டார்கள். நியூ லானார்க் ஆலையை நடத்திய ராபர்ட் ஓவன், உழைப்பவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளைக் கனவு கண்டார். பிரைட்டன் நகர மருத்துவர் வில்லியம் கிங், முதலில் ஒரு கடை வையுங்கள் என்று 1828 முதல் பத்திரிகை நடத்தி எழுதினார். அவர் சொல்கேட்டு நூற்றுக்கணக்கான கடைகள் முளைத்தன. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அதே டோட் லேனில் 1833இல் திறந்த ஒரு கடையும் கடனுக்குச் சரக்குக் கொடுத்தே நொடித்துப்போனது. அந்தப் பாடத்தை நேரில் பட்டவர்களில் ஒருவர் சார்லஸ் ஹோவர்த். புதிய கடையின் விதிகளை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

முதல் விதி, ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு. ஏழைகளின் கடைக்கு இது கொடுமையான விதியாகத் தோன்றும். ஆனால் அன்றைய தொழிலாளியைக் கட்டிப்போட்டிருந்தது கடைக்காரரின் கணக்கு நோட்டுதான். கடன் நிற்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. மாவில் சுண்ணம் கலந்திருந்தாலும், உபயோகித்த தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி விற்றாலும் வாய் திறக்க முடியாது.

அடுத்தது விலை. முன்பிருந்த சில சங்கங்கள் அடக்க விலைக்கே விற்றன. ஒரு மூட்டை வீணானாலும் தாங்க அவற்றிடம் கையிருப்பு இல்லை. ராச்டேல்காரர்கள் சந்தை விலைக்கே விற்றார்கள். அப்படியானால் லாபம் வரும். அது யாருக்கு? அவர்கள் சொன்ன பதில்தான் இந்தக் கதையின் இதயம் என்பேன்.

பங்குத்தொகைக்கு வரம்பிட்ட வட்டி மட்டுமே. அதைக் கொடுத்தபின் எஞ்சும் உபரி, முதல் போட்ட அளவில் அல்ல, சரக்கு வாங்கிய அளவில் உறுப்பினர்களுக்குப் பிரிந்தது. ஒரு குடும்பம் வாரம் 10 ஷில்லிங்குக்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 13 வாரக் காலாண்டில் 130 ஷில்லிங், அதாவது ஆறரைப் பவுன். பவுனுக்கு 2 ஷில்லிங் ஈவு என்றால் 13 ஷில்லிங் திரும்ப வருகிறது. தனியாகச் சேமிக்க எதுவுமே மிஞ்சாத வீட்டில், சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு வளர்கிறது! அதைச் சங்கத்திலேயே விட்டுவைத்தால் கடைக்கும் முதல் பெருகுகிறது.

இதில் இன்னொன்றும் தானாக நடக்கிறது. கலப்படம் செய்து யாரை ஏமாற்றுவது? வாங்குபவர்தானே முதலாளி. மாவில் சுண்ணம் கலந்து லாபம் பார்த்தால், அதைத் தின்பவருக்கேதான் அந்தக் காசு திரும்பும்.

பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. 1846இல் எலைசா பிரையர்லி என்ற பெண் உறுப்பினரானார். மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுடையது என்று இங்கிலாந்துச் சட்டம் சொன்ன காலம் அது. அந்தச் சட்டம் தளரவே 1870 ஆனது.

1845இல் 74 உறுப்பினர்கள், 710 பவுன் விற்பனை. 1860இல் 3,450 உறுப்பினர்கள், விற்பனை 1,52,000 பவுனைத் தாண்டியது. உபரி ஏறக்குறைய 16,000 பவுன். மேலே போட்ட பவுனுக்கு 2 ஷில்லிங் கணக்கு வெறும் கற்பனை இல்லை. நம் ஊருக்கும் அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது: 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேலைப் பார்த்து அமைந்ததுதான்.

பங்கீட்டு விதி எவ்வளவு முக்கியம் என்பதை ராச்டேலே இன்னொரு முறை காட்டியது. அதே முன்னோடிகள் 1854இல் ஒரு நூற்பாலைச் சங்கம் தொடங்கினார்கள். லாபத்தில் முதலுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு என்பது ஏற்பாடு. ஆலை செழித்தது. செழிப்பைக் கண்டு, அங்கே வேலை செய்யாதவர்கள் ஏராளமாகப் பங்கு வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு இருந்தும் பயனில்லை; அந்த வாக்குகள் உழைப்பவர்களிடமிருந்து முதல் போட்டவர்களிடம் போய்விட்டன. 1862இல் அவர்கள் கூடி, உழைப்புக்கான பங்கை ரத்து செய்தார்கள். ஆலை சாதாரண கம்பெனியானது. டோட் லேன் கடையிலோ பங்குகளை வாங்கிக் குவிப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. கூடுதல் ஈவு வேண்டுமென்றால் அங்கே போய் மாவு வாங்கியாக வேண்டும்.