இண்டி: சொல்லும் பொருளும், அதற்கான தமிழும்

புதிதாகக் கேட்ட பாடலொன்றை மற்றவருக்குப் பரிந்துரைக்கும்போது ‘இது இண்டி’ என்று சொல்வது இன்று தமிழ் இளைஞரிடையே வழக்காகிவிட்டது. கேட்பவர் அதிலிருந்து என்ன புரிந்துகொள்கிறார் என்று விசாரித்தால் விடைகள் ஒத்துவருவதில்லை. திரைப்படத்தில் இடம்பெறாத பாட்டு என்கிறார் ஒருவர். கிதாரை மீட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடுவது என்கிறார் இன்னொருவர். பெரிய நிறுவனம் எதுவும் வெளியிடாத இசை என்கிறார் வேறொருவர். ஒரு சொல்லுக்குள் இத்தனை பொருள் எப்படி வந்து சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதற்குத் தமிழில் என்ன சொல் பொருந்தும் என்று தீர்மானிக்க முடியும்.

இண்டி என்பது ‘இண்டிபென்டென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. இலத்தீனில் ‘பெண்டெரே’ என்றால் தொங்குதல். ‘டே’ என்னும் முன்னொட்டுச் சேரும்போது அது ஒன்றிலிருந்து தொங்குதல் என்றாகிறது. அதன் முன் ‘இன்’ என்னும் எதிர்மறை வந்து நிற்கும்போது எதிலிருந்தும் தொங்காதது என்ற பொருள் கிடைக்கிறது. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைக் குறிக்கும் ‘பெண்டன்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஒன்றிலிருந்து தொங்கவில்லை என்பதை மட்டும் சொல்ல வந்த சொல்லாதலால், அப்படித் தொங்காதது எத்தகையது, எப்படி ஒலிக்கும் என்பதைப் பற்றி இதில் ஒரு குறிப்பும் இல்லை. எதிலிருந்து என்னும் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு ஊரும் வெவ்வேறு விடை தந்திருக்கின்றன.

முதல் விடை இசைக்கே உரியதன்று. 1920களின் இறுதியில், ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களைச் சாராமல் படமெடுத்தவர்களை அமெரிக்கத் திரைத்தொழிலில் இந்தக் குறுக்கச் சொல்லால் அழைத்தனர். 1940களில் அது இசைத்தட்டுத் தொழிலுக்குப் பரவியது. நியூயார்க்கின் அட்லாண்டிக், சிகாகோவின் செஸ், மெம்ஃபிஸின் சன் போன்ற சிறு நிறுவனங்கள், பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாமல் விட்ட கறுப்பினக் கலைஞர்களின் இசையைப் பதிவுசெய்து வெளியிட்டன. அவற்றின் கையிருப்பு எவ்வளவு குறைவானது என்பதை 1955இல் நடந்த ஒரு விற்பனை காட்டும்: அந்த ஆண்டு சன் நிறுவனம் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியுடன் தான் செய்துகொண்டிருந்த ஒப்பந்தத்தை 35,000 டாலருக்குப் பெரிய நிறுவனமான ஆர்சிஏ விக்டரிடம் விற்றுவிட்டது.

இன்று நாம் பயன்படுத்தும் பொருள் உருவான இடம் 1970களின் பிற்பகுதியில் இருந்த இங்கிலாந்து. மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழுவினர், நண்பரிடமும் குடும்பத்தாரிடமும் கடன் வாங்கிய ஏறத்தாழ 500 பவுண்டைக் கொண்டு ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் நான்கு பாடல் தட்டைப் பதிவுசெய்து, தாங்களே வைத்த நிறுவனப் பெயரில் 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை 1,000 படிகள். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதையும், பிறகு எந்தக் கருவியின் ஒலியை மேலே சேர்த்தார்கள் என்பதையும் உறையின் மீதே அச்சிட்டிருந்தார்கள். இசைத்தட்டு எப்படி உருவாகிறது என்பதைக் கேட்பவருக்குத் திறந்து காட்டிய அந்தச் சிறு குறிப்பு, பாடல்களைப் போலவே பலருக்கு ஊக்கமளித்தது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டில் நடந்தது, மின்சுற்றிலேயே ஒலி பிறக்கும் மின்னணு இசையைச் சேர்ந்தது. லண்டனில் டேனியல் மில்லர் என்பவர் அந்த இசைக்கான கருவியாகிய கோர்க் சிந்தசைசர் ஒன்றையும் ஒலிநாடாப் பதிவுக் கருவியையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இரண்டு பாடல்களைப் பதிவுசெய்தார். ‘தி நார்மல்’ என்று தமக்கும் ‘மியூட்’ என்று நிறுவனத்துக்கும் பெயரிட்டு 1978இல் அதை வெளியிட்டபோது, உறையில் ஒரு வீட்டு முகவரியையும் அச்சிட்டார். நிறுவனம் நடத்தும் எண்ணம் அவருக்கு அப்போது இருக்கவில்லை. ஆனால் முகவரியைப் பார்த்தவர்கள் தங்கள் ஒலிநாடாக்களை அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் மியூட் நிறுவனம் டெபெஷ் மோட் குழுவின் பாடல்களை வெளியிட்டு, பிரித்தானியாவின் முன்னணி வரிசைப் பட்டியலில் ஏறியது.

இப்படி வெளிவந்த தட்டுகள் ‘ரஃப் டிரேட்’ போன்ற கடைகளில் விற்றன. நாட்டின் பொதுவான விற்பனைப் பட்டியலிலோ அவற்றில் பலவற்றுக்கு இடமில்லை. ஆகவே 1980 ஜனவரியில் இவற்றுக்கென ஒரு தனிப் பட்டியல் வெளியாகத் தொடங்கியது. அதில் இடம்பெறுவதற்கான தகுதி என்ன என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் மிக முக்கியமான செய்தி. பாடல் எப்படி ஒலிக்கிறது, பாடுபவர் யார், எந்தக் கருவி இசைக்கப்படுகிறது என்ற எதையும் அந்தப் பட்டியல் கேட்கவில்லை. பெரிய நிறுவனங்களின் வினியோக வலையைப் பயன்படுத்தாமல் தட்டு கடைக்கு வந்து சேர்ந்ததா என்பதை மட்டுமே கேட்டது. கிடங்கு யாருடையது, லாரி யாருடையது என்பதே அளவுகோல். இந்த அளவுகோலின்படிதான் 1980களின் பிற்பகுதியில், முழுக்க முழுக்க வெகுசன நடன இசை பாடிய கைலி மினோக்கின் தட்டுகளும் அந்தப் பட்டியலில் ஏறின. அவற்றை வெளியிட்ட பிடபிள்யூஎல் நிறுவனம் சார்பற்ற வினியோகத்தாரைப் பயன்படுத்தியது என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

அதே காலத்தில் சொல் இன்னொரு பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. 1986இல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்னும் பிரித்தானிய வார இதழ், ‘சி86’ என்ற பெயரில் 22 குழுக்களின் பாடல்களைத் தொகுத்து ஓர் ஒலிநாடாவாக வெளியிட்டது. அதில் பலவகை ஒலிகள் இருந்தபோதும், ஒலிக்கும் கிதார், மெல்லிய குரல், அதிகம் மெருகேற்றாத பதிவு ஆகியவற்றைக் கொண்ட பாடல்களே நினைவில் தங்கின. அந்த ஒலிக்கே ‘இண்டி’ என்று பெயராயிற்று. வணிக உறவைக் குறித்த சொல் ஒலிப் பாணியைக் குறிக்கத் தொடங்கியதும், இரண்டும் பிரிந்து நடப்பதற்கு அதிக நாளாகவில்லை. 1992இல் கிரியேஷன் என்னும் சிறு பிரித்தானிய இசை நிறுவனத்தின் ஏறத்தாழப் பாதிப் பங்கைப் பெருநிறுவனமான சோனி வாங்கியது. அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் சேர்ந்த ஒயாசிஸ் குழுவை உலகமே இண்டி என்று அழைத்தது.

கிதார்ப் பாணியின் பெயராக இந்தச் சொல் சுருங்கியதால் மிகவும் இழந்தது மின்னணு இசைதான். சிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடன அரங்கின் பெயரிலிருந்து ‘ஹவுஸ்’ என்னும் மின்னணு நடன இசைக்குப் பெயர் வந்தது. அந்த இசையின் தொடக்ககாலத் தட்டுகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சிறு நிறுவனங்களிலிருந்து வந்தவை. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தாமே தொடங்கி, பின்னர் டெக்னோ என்று அழைக்கப்பட்ட இசையை வெளியிட்டார். அவருடைய நண்பர்களான டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரும் ஆளுக்கொரு நிறுவனம் வைத்துக்கொண்டார்கள். இந்தப் போக்குக்குக் கருவியின் விலையும் ஒரு காரணம். ரோலண்ட் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த டிபி-303 என்னும் சிறு சிந்தசைசர் சந்தையில் எடுபடாமல் போய், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது; அதை வாங்கிய சிகாகோ இளைஞர்கள்தான் ஹவுஸின் ஒரு வகையான ஆசிட் ஹவுஸ் இசையைக் கண்டெடுத்தார்கள். ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுக்க வேண்டாம், குழுவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம், ஓர் அறையும் ஓரிரு கருவிகளும் போதும் என்ற நிலையில், பெரிய நிறுவனத்தின் முன்பணம் இல்லாமலேயே தட்டு வெளிவந்துவிடும். வினியோக அளவுகோலின்படி பார்த்தால் இவற்றைவிடத் தகுதியான ‘இண்டி’ இசை கிடையாது. ஆயினும் இவற்றை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை.

கருவியும் வினியோகமும் வேறு வேறு செய்திகள் என்பதற்கு எதிர்ப்பக்கத்துச் சான்று பம்பாயில் கிடைக்கிறது. இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து, அதே டிபி-303 கருவியையும் பயன்படுத்தி ஓர் இசைத்தட்டு செய்தார். முழுக்க மின்னணு இசையான அதை வெளியிட்டது எச்எம்வி என்று நாம் அறிந்த பெருநிறுவனமான கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. பல ஆண்டு மறந்துகிடந்த அந்தத் தட்டை 2010இல் மறுவெளியீடு செய்து உலகக் காதுகளுக்குக் கொண்டுவந்ததோ ஒரு சிறு நிறுவனம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் இறங்கியபோது விடை மறுபடியும் மாறிற்று. இங்கே இசை என்று மக்கள் நாளும் கேட்பதில் பெரும்பகுதி திரையிசை. ஆகவே இண்டி என்றால் சினிமாவைச் சாராதது என்று பொருள் கொண்டார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் வைத்தபோது அதை இண்டி என்று சொன்னவர்கள் எண்ணியது இந்தப் பொருளைத்தான். இது தவறான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே தொங்கும் கொம்பு வேறு. ஆனால் பன்னாட்டுப் பெருநிறுவனம் வெளியிடும் திரை சாராப் பாடலும், பாடகர் தாமே பதிவேற்றும் பாடலும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியப் பொருளில் ஒரு தமிழ்க் குரலைத் தேடினால், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம் கிடைப்பார். எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2003இல் அவருடைய முதல் பாடல் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து 500 தட்டுகளாக வந்து, இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது.

இனித் தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். செய்தித்தாள்களில் பெரிதும் வழங்குவது ‘சுயாதீன இசை’. சுயாதீனம் என்பது தன்வயப்பட்டிருத்தல் என்னும் பொருளுடைய வடசொல். சைவ மடங்களைக் குறிக்கும் ‘ஆதீனம்’ என்ற சொல்லிலும் இதன் பின்பாதியே இருக்கிறது. இலத்தீன் சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அழகானது: அது எதிலும் தொங்காததைச் சொல்கிறது; இது தனக்குத்தானே உட்பட்டதைச் சொல்கிறது. இலங்கைத் தமிழில் இந்தச் சொல் அன்றாட ஆட்சிச் சொல்லாக இருப்பதால் அங்குள்ள வாசகருக்கு அது இயல்பாக ஒலிக்கும். தமிழ்நாட்டில் தேர்தல் வேட்பாளருக்கு வழங்கும் ‘சுயேச்சை’ சொந்த விருப்பத்தைக் குறிப்பது, இசைக்குப் பொருந்தாது. ‘தனியிசை’ எளிமையானதுதான் என்றாலும், தனி ஆவர்த்தனம், தனிப்பாடல் என்று ஒருவர் மட்டும் நிகழ்த்துவதையோ தொகுதியில் சேராததையோ குறிக்கும் சொற்களோடு குழம்பும். ‘சுதந்திர இசை’ ஆகஸ்ட் 15ஐ நினைவூட்டிவிடுகிறது. ‘தன்னாட்சி’யைக் கல்லூரிகளுக்கு விட்டுவிடலாம்.

என் தேர்வு ‘தற்சார்பு இசை’. தன், சார்பு என்னும் இரு சொற்களும் சேரும்போது, தற்காப்பு, தற்பெருமை ஆகியவற்றில் நிகழ்வதுபோலவே னகர மெய் றகரமாகிறது. சார்தல் என்பதன் ஆழம் தமிழ் இலக்கணம் படித்தவர்க்குத் தெரியும். தானே நின்று ஒலிக்காமல் பிற எழுத்துகளைச் சார்ந்து வரும் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றையும் தொல்காப்பியம் ‘சார்ந்துவரல் மரபின்’ என்று தனியே பிரித்துச் சொல்கிறது. ஓர் ஒலி எதன் துணையில் ஒலிக்கிறது என்பதையே சார்பு என்னும் சொல் கேட்கிறது. 1980ஆம் ஆண்டுப் பட்டியல் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுவே. இயற்கை வேளாண்மையைப் பேசுவோரும் காந்தியப் பொருளியலைப் பேசுவோரும் தற்சார்பு என்ற சொல்லை ஏற்கெனவே மக்களிடம் கொண்டுசேர்த்துவிட்டார்கள். விதை, உழைப்பு, விற்பனை ஆகியவற்றைத் தன் கையில் வைத்திருக்கும் உழவருக்குப் பொருந்தும் சொல், பதிவையும் அச்சையும் விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கும் இசைக்கலைஞருக்கும் பொருந்தும். இதனால் தற்சார்பு வெளியீடு, தற்சார்பு நிறுவனம், தற்சார்புக் கலைஞர் என்று தொடர்களையும் தடையின்றி ஆக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஒலிப் பாணியைக் குறிக்கும் இடத்தில் இந்தச் சொல்லை வைக்கக் கூடாது. அங்கே ‘இண்டி’ என்பதை ஜாஸ், புளூஸ் போல ஒரு பாணியின் பெயராக அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதே நேர்மையானது. பெயர்ச்சொல்லை மொழிபெயர்த்தால் குழப்பமே மிஞ்சும். எழுதும்போது ‘இந்தி’ என்று படித்துவிடாதபடி ‘இண்டி பாணி’ என்று சேர்த்து எழுதுவது நல்லது. 1990களில் புகழ்பெற்ற ‘இண்டிபாப்’ என்பதில் உள்ள இண்டி, இந்தியா என்னும் பெயரிலிருந்து வந்தது. அதை இதனோடு சேர்க்கக் கூடாது.

மின்னணு இசை என்பதைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். இலங்கையில் இலத்திரனியல் இசை என்பார்கள், இரண்டும் சரியே. ‘மின்னிசை’ என்று சுருக்குவதை மட்டும் தவிர்க்கலாம். மின்கிதாரில் அதிர்வது கம்பி. மின்சாரம் அந்த அதிர்வைப் பெருக்கித் தருகிறது. சிந்தசைசரில் அதிர்வே மின்சுற்றில் பிறக்கிறது. மின்னிசை என்றால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும்.

பரிந்துரை என்ற சொல்லைப் பிரித்தால் பரிந்து, உரை என்று வரும். பரிதல் என்பது அன்பு கொள்ளுதல், ஒருவர் பொருட்டு இரங்குதல். எனவே பாடலைப் பரிந்துரைப்பவர் அந்தப் பாடலுக்காகப் பரிந்து பேசுகிறவர், அதன் பிறப்பைச் சரியாகச் சொல்லும் பொறுப்பும் அவருக்கு உண்டு. டேனியல் மில்லரின் 1978ஆம் ஆண்டுத் தட்டைப் பரிந்துரைக்கும்போது ‘தற்சார்பு வெளியீடு, மின்னணு இசை’ என்று எழுதலாம். ஒயாசிஸ் குழுவுக்கு ‘இண்டி பாணி, சோனி பங்கு கொண்ட நிறுவனம்’ என்றும், கைலி மினோக்கின் 1980களின் தட்டுகளுக்கு ‘வெகுசன நடன இசை, தற்சார்பு வினியோகம்’ என்றும், சரண்ஜித் சிங்கின் தட்டுக்கு ‘மின்னணு இசை, பெருநிறுவன வெளியீடு, தற்சார்பு மறுவெளியீடு’ என்றும் எழுதலாம்.