ஐந்து வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு

கீழ்வேளூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பயிற்சி மாணவி நான்காம் வகுப்பு அறிவியலுக்கு 40 நிமிடப் பாடக்குறிப்பு எழுதி, சார்ட்டும் ஒட்டிவிட்டுத் தயாராக நின்றாள். உதவி ஆசிரியர் அன்று பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். தலைமையாசிரியை சத்துணவுக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 23 பிள்ளைகள், ஒரே அறையில். இவள் முதல் கேள்வியைக் கேட்டதுமே ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இது சரியா?" என்றான்.

அவள் பாடத்தை மதிப்பிட வந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். கரும்பலகைப் பயன்பாடு, குரல் வளம், துணைக்கருவி, நேர மேலாண்மை என்று கட்டங்கள் இருந்தன. ஐந்து வகுப்பை ஒரே நேரத்தில் கட்டி மேய்ப்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. நேர மேலாண்மையில் பத்துக்கு ஐந்து போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த ஐந்து இன்றும் உறுத்துகிறது.

ஆசிரியர் பயிற்சியில் எனக்கு இருபது வருடம் போல ஆகிவிட்டது. டெல்டாவில் அந்தப் பள்ளி ஒன்றும் விதிவிலக்கல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்றுதான் கணக்கு. வகுப்போ ஐந்து. காலையில் தனியார் பள்ளி வேன் வந்து பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு எந்தக் கிராமத்தில் 60 தேறும்? ஆக, சட்டப்படியே பல வகுப்பை ஒருவர் பார்க்கும் பள்ளிதான் இங்கே இயல்பான பள்ளி. நாங்களோ ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு மணி அடிப்பு என்றே பழக்கி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இதை ஆசிரியர் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டே எத்தனை வருடம் புலம்பியிருப்போம்! புலம்பலை மனுவாக்கியபோது நான் செய்த முதல் தவறு, அதை முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. மரியாதையாக வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார்கள். அவர் கையில் இல்லாத விஷயத்துக்கு அவர் என்ன செய்வார்?

எந்த வாசல் எதற்கு என்பது பயிற்றுநர்களிலேயே பலருக்குத் தெரியாது. படிப்பு எத்தனை வருடம், பள்ளிப் பயிற்சி எத்தனை வாரம் என்பதெல்லாம் டெல்லியில் இருக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. பி.எட். இரண்டு வருடமானதும், பள்ளிப் பயிற்சி 20 வாரமானதும் அதன் 2014 ஒழுங்குமுறைகளால்தான். பி.எட். பாடத்திட்டம் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கையில். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் பாடத்திட்டம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கையில். நம் பக்கத்தில் குருக்கத்தி, மன்னார்குடி, தஞ்சாவூரில் உள்ள டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இருப்பவர்களிடம் முதலில் பேசினாலே பாதி வழி தெரிந்துவிடும். நான்தான் அவர்களைக் கடைசியில் பார்த்தேன்.

அடுத்தது காலம். பருவம் தப்பி விதைத்தால் முளைக்காது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் குழுமம் புதிய வரைவு ஒழுங்குமுறைகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஒரு வருட பி.எட். மறுபடி வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரே அமளி. வரைவைத் திறந்து படித்தவர்கள் என் பழக்கத்தில் நான்கு பேர்தான். அந்த நான்கு பேரும் உட்கார்ந்தோம்.

கீழ்வேளூரில் அன்று பாடம் எடுத்த அந்தப் பழைய மாணவியும் வந்தாள். கருத்து எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்ப்போம் என்றது அவள்தான். எங்கள் பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்பது பள்ளிகளின் புள்ளிவிவரம் இருக்கும் அரசின் யூடைஸ் தளத்திலேயே கிடைத்தது. அதில் கிடைக்காதது மழை விடுமுறைக் கணக்கு. பள்ளிப் பயிற்சியின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழையில் நாட்களைப் பறிகொடுத்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் மட்டும் வாரங்களை நிரப்புகிறோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அதையும் எண்ணினோம். கடைசியில் இரண்டே பக்கம். பல வகுப்புக் கற்பித்தல் பயிற்சியில் கட்டாயமாக இருக்க வேண்டும்; பயிற்சி வாரங்களை எந்த மாதத்தில் வைப்பது என்பதை மாவட்டத்துக்கு விட வேண்டும். வேறு எதையும் கேட்கவில்லை. பத்து கோரிக்கை வைத்தால் பத்தும் காணாமல் போகும் என்பது என் அனுபவம்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 1973 நடத்தை விதிகள் உண்டு. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சித்து மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் கருத்துக் கேட்கும்போது சொல்வது விமர்சனம் ஆகாது என்பது என் எண்ணம். சந்தேகம் இருந்தால் சங்கம் வழியாக அனுப்புங்கள், மேலதிகாரி வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக வரட்டும். பிள்ளையைப் பெற்றவர்கள் போடும் கையெழுத்துக்கு நம் கையெழுத்தைவிட எடை அதிகம். கிராம சபையில் தீர்மானம் போட்டாலும் நல்லதுதான், கூட்டம் சேர்ந்தால்.

ஒரு காலத்தில் நமக்கென்றே சட்ட மேலவையில் ஆசிரியர் தொகுதி இருந்தது. 1986-ல் மேலவையோடு அதுவும் போயிற்று. இப்போது நம் தொகுதி எம்.எல்.ஏ.தான். சட்டமன்றத்தில் பள்ளிக் கல்விக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். விவாதம் முடிந்தபிறகு போனால் சால்வையோடு திரும்ப வேண்டியதுதான். டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு விஷயத்தில் என்ன ஆனது? 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. தீர்ப்பு வந்தபிறகுதான் ஊர் ஊராகக் கூடினோம்.

டெல்லிக்கு அனுப்பியதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் எங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: பல வகுப்பு மேலாண்மை, 10 மதிப்பெண். அதற்கு எந்த மனுவும் தேவைப்படவில்லை, கல்லூரிக் கூட்டத்தில் அரை மணி நேரம் சண்டை போட்டதே போதுமாக இருந்தது.

சென்ற மாதம் வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பயிற்சிப் பையன் பாடக்குறிப்புத் தாளை நெடுக்கே மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தான்: முதல் இரண்டு வகுப்புக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, நான்கு ஐந்துக்கு ஒன்று. கடைசிப் பத்தி பாதியில் நின்றிருந்தது. என்னப்பா என்று கேட்டேன்.

"மழை லீவு விட்டுட்டாங்க சார்."