மைலோபதி: தண்டுவட நலிவு

கழுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியில் வரும் 'செர்விகல் மைலோபதி' என்பதைக் 'கழுத்து எலும்புத் தேய்மானம்' என்று தமிழாக்கிவிடுகிறவர்கள் பலர். தேய்வது எலும்பும் அதன் இடைத்தட்டும் (டிஸ்க்). மைலோபதியில் கெடுவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் திசுவான தண்டுவடம். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், ஆனால் தேய்மானம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மைலோபதி வருவதே இல்லை.

'மைலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு எலும்பின் உள்ளே இருக்கும் மென்மையான மஜ்ஜை என்பது பொருள். முதுகெலும்புத் துளைக்குள் கிடக்கும் வெண்ணிற நரம்புத் திரளையும் பழைய மருத்துவர்கள் அதே சொல்லால் குறித்தார்கள். தமிழிலும் இந்தப் பார்வை உண்டு. சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் என்புக்கு அடுத்தது 'மூளை'. அங்கே அது மஜ்ஜையைக் குறிக்கும். மண்டையோட்டுக்குள் இருப்பதற்கும் அதே பெயர்தான்.

இந்த இரட்டைப் பொருள் இன்றும் தொல்லை தருகிறது. மைலோமா (ஒருவகைப் புற்றுநோய்), ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்பு அழற்சி) இரண்டும் எலும்பு மஜ்ஜை சார்ந்தவை. போலியோமைலிடிஸ் தண்டுவடம் சார்ந்தது. அதில் 'போலியோஸ்' என்றால் சாம்பல் நிறம், அதாவது தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதி. ஆகவே 'மைலோ' என்று கண்டதும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடக் கூடாது.

பின்னொட்டையும் கவனிக்க வேண்டும். 'இடிஸ்' என்றால் அழற்சி. மைலிடிஸ் என்பது தண்டுவட அழற்சி. 'பதி' வருவது 'பதோஸ்' என்ற துன்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அது காரணத்தைச் சொல்வதில்லை. இடைத்தட்டு பிதுங்கி அழுத்தினாலும், வைட்டமின் பி12 அல்லது செம்பு குறைந்தாலும், கதிர்வீச்சால் திசு கெட்டாலும் மைலோபதிதான். 'செர்விகல்' லத்தீன், 'செர்விக்ஸ்' என்றால் கழுத்து. கருப்பையின் கழுத்துக்கும் அதே பெயர் என்பதால் 'செர்விகல் கேன்சர்' கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகிறது. 'எனக்கு செர்விகல் இருக்கு' என்று பேச்சில் சொல்வது 'எனக்குக் கழுத்து இருக்கு' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை!

தேய்மானத்தையும் தண்டுவடக் கேட்டையும் தொடர்புபடுத்தி விரிவாக விளக்கிய கட்டுரை 1952-இல் வந்தது. எழுதியவர்கள் ரஸ்ஸல் பிரெயின், நார்த்ஃபீல்ட், வில்கின்சன். வெளியான நரம்பியல் ஏடு 'பிரெயின்'. ஏட்டின் பெயரும் முதல் ஆசிரியரின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல். பிறகு எலும்புத் தேய்மானத்தால் வரும் ஸ்பாண்டிலோடிக் மைலோபதி, இடைத்தட்டால் வரும் மைலோபதி, பின்புறப் பிணைநார் எலும்பாக இறுகுவதால் வரும் மைலோபதி என்று பெயர்கள் பெருகின. ஒரே அழுத்தத்தின் பல முகங்கள் என்பதால் இவற்றை ஒரு குடைக்குள் கொண்டுவர 2015-இல் 'டீஜெனரேட்டிவ் செர்விகல் மைலோபதி' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது.

தமிழில் முதலில் தீர்க்க வேண்டியது உறுப்பின் பெயர். 'முதுகுத்தண்டு' என்பதை எலும்புத் தொடருக்கும் உள்ளிருக்கும் நரம்புக்கும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். மருத்துவ எழுத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. எலும்புத் தொடர் முதுகெலும்பு, அதன் ஒவ்வொரு கண்ணியும் முள்ளெலும்பு, உள்ளே இருப்பது தண்டுவடம். வடம் என்றால் முறுக்கேறிய தடித்த கயிறு; பொருத்தமான சொல். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'முண்ணாண்' (முள் + நாண்) என்று பெயர். சுருக்கமும் அழகும் உடையது. 'முதுகு நாண்' மட்டும் வேண்டாம், அது உயிரியலில் நோட்டோகார்டுக்கு (கருவில் தோன்றும் தாங்குநாண்) நிலைத்துவிட்டது.

அடுத்தது 'பதி'. 'தண்டுவடப் பாதிப்பு' என்றால் விபத்துக் காயமும் அதில் அடங்கிவிடும். 'தண்டுவட நலிவு' மெல்ல மெல்ல வலுக் குன்றுவதைச் சொல்வதால் அதையே பரிந்துரைக்கிறோம். 2015-இன் பெயருக்குக் 'கழுத்துத் தேய்மானத் தண்டுவட நலிவு' என்று எழுதலாம். சொல் வரிசை இங்கே முக்கியம்: 'தண்டுவடத் தேய்மானம்' என்று மாற்றினால் தண்டுவடமே தேய்வதாக ஆகிவிடும். தண்டுவடம் தேய்வதில்லை, நசுங்குகிறது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் ஓடும் எலும்புக் கால்வாயின் முன்பின் அகலம் இயல்பாக 17 மி.மீ. அளவில் இருக்கும். 13 மி.மீ.க்குக் கீழே போனால் குறுகல், 10 மி.மீ.க்குக் கீழே கடும் குறுகல். தலையைப் பின்னால் சாய்க்கும்போது கால்வாயின் பின்பக்கம் முள்ளெலும்புகளைப் பிணைக்கும் மஞ்சள் நார் உள்ளே மடிந்து இடத்தை இன்னும் குறைக்கும். குறுகல் உள்ளவர் முகம் அடிபட விழுந்தால் எலும்பு முறியாமலே கைகள் செயலிழப்பது இதனால்தான்.

நலிவு என்ற சொல் நோயின் போக்குக்கும் பொருந்துகிறது. வலி இல்லாமலே தொடங்கலாம். பொத்தான் போடத் தடுமாற்றம், கையெழுத்து மாறுவது, கால் விறைப்பு, இருட்டில் நடை தள்ளாடுவது ஆகியவை முதலில் வரும். கை மரத்துப்போவதை மட்டும் பார்த்து மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று முடிவு கட்டுவது அடிக்கடி நிகழும் பிழை. எளிய சோதனை ஒன்று உண்டு: 10 வினாடிக்குள் விரல்களை முழுதாக மடக்கி விரிக்க வேண்டும். 20 முறைக்குக் குறைந்தால் தண்டுவடத்தைச் சந்தேகிக்க இடமுண்டு. கடுமையை அளக்க ஆய்வுகளில் 18 புள்ளி கொண்ட அளவுகோல் பயன்படுகிறது: 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-உம் அதற்குக் கீழும் கடுமை.

அருகிலேயே நிற்கும் 'ரேடிகுலோபதி'யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ராடிக்ஸ்' லத்தீனில் வேர். ஆக அது நரம்புவேர் நலிவு. வலி கழுத்திலிருந்து ஒரு கையின் குறிப்பிட்ட பட்டை வழியே இறங்கும், அனிச்சை (தசைநாரைத் தட்டினால் தானாக எழும் துடிப்பு) குறையும். தண்டுவட நலிவில் அழுத்தத்துக்குக் கீழே அனிச்சை கூடும். வேரின் எண்ணைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல்: கழுத்து முள்ளெலும்புகள் 7, நரம்பு இணைகள் 8. ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கிடையே வெளிவருவது ஆறாம் நரம்பு. ஏழாம் எலும்புக்குக் கீழே வருவதே எட்டாம் நரம்பு, அந்த எண்ணில் கழுத்தெலும்பு கிடையாது.