படபடப்பு எல்லாமே டென்ஷன் இல்லை

"ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆரம்பிக்கும் டாக்டர். அதே மாதிரி பட்டுன்னு நின்னுடும்."

நாற்பதை நெருங்கும் ஓர் ஆசிரியை சொன்னது இது. பதற்றத்துக்கான மாத்திரையை நான்கு வருடமாகச் சாப்பிட்டு வந்தார். அவருடைய ஃபைலில் ஏழெட்டு இசிஜி இருந்தன, எல்லாம் நார்மல். நார்மலாகத்தானே இருக்கும்? ஒவ்வொன்றும் படபடப்பு அடங்கிய பிறகு எடுத்தது.

"வரும்போது கழுத்தில் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன். பதிலுக்கு முன்பே கை தொண்டைக்குழிக்குப் போய்விட்டது. "இங்கேதான், துள்ளித் துள்ளி அடிக்கும்." நின்ற பிறகு? கொஞ்சம் தயங்கினார். "பாத்ரூம் போய்க்கிட்டே இருப்பேன். இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை."

இந்த இரண்டு பதிலுமே எனக்குப் பாதி நோயைச் சொல்லிவிட்டன. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரம் கடக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அதில் ஒன்றுக்கு இரண்டு பாதை: ஒன்று வேகமானது, இன்னொன்று மெதுவானது. நேரம் பிசகி வரும் ஒரு துடிப்பு போதும், மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி வட்டமடிக்க ஆரம்பித்துவிடும். நாடி நிமிடத்துக்கு 150, 200 என்று எகிறும். மேலறையும் கீழறையும் ஒரே சமயத்தில் சுருங்குவதால், மேலறை மூடிய வால்வில் மோதி ரத்தத்தைக் கழுத்துப் பக்கம் திருப்பித் தள்ளுகிறது. தொண்டையில் துள்ளுவது அதுதான். மேலறை இழுபடும்போது சுரக்கும் ஹார்மோன் சிறுநீரைக் கூட்டுகிறது. ஏவிஎன்ஆர்டி என்ற இந்த வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சிலருக்கு அடிக்கடி வரும்.

ஏன் தவற விடுகிறோம்? அறிகுறிகள் அப்படி. நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவோமோ என்று பயம் வருகிறது. 1997-இல் வந்த ஓர் ஆய்வில், எஸ்விடி (இதயத்தின் மேற்பகுதியில் கிளம்பும் இப்படிப்பட்ட வேகத் துடிப்பு; ஏவிஎன்ஆர்டியும் இதில் ஒன்று) உறுதியான 107 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பேனிக் நோயின், அதாவது திடீர்ப் பீதி நோயின், இலக்கணம் அப்படியே பொருந்தியது. சொல்பவர் பெண்ணாக இருந்தால் 'டென்ஷன்' என்ற முத்திரை இன்னும் சீக்கிரம் விழுகிறது. நானும் அதற்கு விலக்கில்லை. ஆரம்ப வருடங்களில், கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயிடம் "தூக்கம் கெட்டிருக்கிறது, அதுதான்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை அவரை அவசரப் பிரிவில் பார்த்தபோது நாடி 190.

பதற்றம் பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நொடியில் தொடங்கி நொடியில் நிற்பது மின்கோளாறின் சாயல். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பது தனிச் சிக்கல்.

சரி, என்ன செய்யலாம்? ஆதாரத்தைப் பிடியுங்கள். படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் ஏதாவது கிளினிக்கில் இசிஜி எடுத்து, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இசிஜி எடுக்கும் ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் அந்தப் பதிவும் எங்களுக்கு உதவும். மாதம் ஒருமுறை வருவதை, உடம்பில் மாட்டி 24 மணி நேரம் இசிஜி பதியும் ஹோல்ட்டர் கருவியில் பிடிப்பது அதிர்ஷ்டம்தான்; நாள்கணக்கில் பதியும் கருவிகள் இருக்கின்றன, கேளுங்கள். கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட வேண்டும்.

நோய் உறுதியானவர்களுக்கு, படபடப்பு வந்தால் நிறுத்த நான் கற்றுத்தரும் வித்தை ஒன்று உண்டு. உட்கார்ந்தபடி, 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டன் லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்து, இன்னொருவர் காலை 45 டிகிரிக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015-இல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. உட்கார்ந்தே ஊதியவர்களில் 17 சதவீதம்தான். கழுத்தை நீங்களாகவே அழுத்திப் பார்ப்பது மட்டும் வேண்டாம். நிரந்தரத் தீர்வு அப்லேஷன். தொடை வழியாக வயரை அனுப்பி அந்த மெதுவான பாதையைச் சுட்டுவிடுவோம். 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி.

கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவே கிட்டத்தட்டப் பாதி கூடிவிடுவதால் துடிப்பு 10, 20 ஏறுவது இயல்பு. எஸ்விடி வந்தாலும் குழந்தைக்குப் பாதிப்பில்லாமல் ஊசியால் நிறுத்த முடியும். பயந்து வீட்டிலேயே உட்கார வேண்டாம். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் படபடப்பில் பெரும்பகுதி ஆபத்தற்றது. ஆனால் நாடி தாளமே இல்லாமல் ஓடினால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் பக்கவாத பயம் உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மறுபடி 'சார்ஜ்' ஆகும் நேரத்தை க்யூடி என்கிறோம். இது அளவுக்கு மீறி நீண்டால் உயிராபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். பருவமடைந்த பிறகு இது பெண்களுக்கு ஆண்களைவிட நீளம். அதனால் அதை இன்னும் நீட்டும் மருந்துகள் பெண்களையே அதிகம் தாக்குகின்றன: எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், சில மனநல மாத்திரைகள். மருந்தால் வரும் அந்த உயிராபத்தான துடிப்புக் கோளாறில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்தான். பிறவியிலேயே க்யூடி நீண்டவர்களில் ஒரு வகையினருக்கு அலாரம் சத்தமே மயக்கத்தைத் தூண்டும்; பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் அபாயம் கூடும். சத்தம் கேட்டு மயங்கினாலோ, ஓடும்போது மயங்கினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, "பலவீனம்" என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

அந்த ஆசிரியைக்கு அப்லேஷன் முடிந்தது. ஒரு மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். படபடப்பு இல்லை, பதற்ற மாத்திரையையும் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். அதற்குத்தான் திட்டு வாங்கினார். நான்கு வருட மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எழுதிக்கொடுத்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, அவரிடமே அனுப்பி வைத்தேன்.