வெயிலில் வெளுக்கும் சாயத் தண்ணீர்

"ஒரு பவுடரைப் போட்டு வெயில்ல வெச்சா சாயம் போயிருமாமுங்களே?" சாயப்பட்டறைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்ப்பதால், திருப்பூர்ப் பக்கம் போனால் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். போகும். ஆனால் எந்தச் சாயம், எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தப் பவுடர் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்டில் சேர்ப்பார்களே, அதே சேர்மம். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதைக் கொண்டு ஒளியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டிய பிறகு ஆராய்ச்சிகள் பெருகின. புற ஊதாக்கதிர் பட்டால் அதன் பரப்பில் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் (எதையும் உடனே தாக்கும் குறுகிய ஆயுள் துகள்கள்) உண்டாகி, சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கும். இந்தச் சேர்மத்தின் அனடேஸ் என்ற படிக வகைக்கு ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். நம் ஊர் வெயில் எவ்வளவு சுட்டாலும் அதில் இந்தப் பங்கு மிகக் கொஞ்சம்.

விற்க வருபவர்கள் கண்ணாடிக் குவளையில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து வெளுத்துக் காட்டுவார்கள். அந்தச் சாயம் வெறும் ஒளியிலேயே கொஞ்சம் வெளுக்கும். பவுடரின் மேல் ஒட்டிக்கொண்டும் குறையும். அதனால் பவுடர் போட்டு இருட்டில் ஒன்று, பவுடர் இல்லாமல் வெயிலில் ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பட்டறைத் தண்ணீர் அப்படித் தெளிவானதா என்ன? பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தோடு உப்பும் சோடா ஆஷும் ஏராளமாகக் கலந்து வரும். இவற்றிலுள்ள குளோரைடும் கார்பனேட்டும் ராடிக்கல்களைச் சாயத்துக்கு முந்திப் பிடித்துக்கொள்ளும். அடர் நிறத் தண்ணீருக்குள் ஒளியே இறங்காது. அப்புறம், அசோ என்ற சாய வகையில் நிறத்துக்குக் காரணமான இரண்டு நைட்ரஜன்களின் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மிச்சத் துண்டுகளில் அரோமேட்டிக் அமீன்கள் (பென்சீன் வளையம் கொண்ட நைட்ரஜன் சேர்மங்கள்) இருக்கலாம், அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தெளிந்த தண்ணீரைக் காட்டினால் நான் முதலில் கேட்பது மொத்தக் கரிமக் கார்பன், அதாவது தண்ணீரில் மிஞ்சியிருக்கும் கரிமப் பொருளின் அளவு, எவ்வளவு குறைந்தது என்பதைத்தான்.

உப்பையோ இந்த முறை தொடுவதே இல்லை. நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயல்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டியான ஆர்.ஓ.வும், மிச்சத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் தவிர்க்க முடியாதவையாக இருப்பது அதனால்தான்.

என் கணக்கில் இதற்கு ஏற்ற இடம், நுண்ணுயிர்களால் நடக்கும் உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின் மிஞ்சும் வெளிர் நிறம். அங்கேயும் பவுடரை வடிகட்டி மீட்பது பெரிய தலைவலி. கண்ணாடியில் பூசினால் அந்தத் தொல்லை குறையும், வேகமும் குறையும். யாராவது கொட்டேஷன் கொடுத்தால், பட்டறைக் கழிவெல்லாம் ஒன்றாகக் கலக்கும் உங்கள் சமன்படுத்தும் தொட்டித் தண்ணீரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.