ஏழு அடியில் வீடு திரும்பும் பாட்டு

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகள் ஓட்டிய காரில் ஸ்பானிஷ் சல்சா பாட்டு ஒன்று ஓடியது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் இரண்டாவது வரி வருவதற்குள் இது 'ஐ வில் சர்வைவ்' என்று சொல்லிவிட்டேன். குரல் வேறு, மொழி வேறு, தாளம் வேறு. பிறகு எதை வைத்து என் காது கண்டுபிடித்தது?"

அவர் கேட்டது பெரும்பாலும் செலியா குரூஸ் 2000இல் பாடிய 'யோ விவிரே'யாக இருக்கும். 1960இல் கியூபாவை விட்டு வெளியேறிய அந்தப் பாடகி, திரும்பி வந்த காதலனை விரட்டியடிக்கும் பாட்டின் மெட்டில் தன் நாட்டைப் பிரிந்த கதையை வைத்துப் பாடினார்.

மூலப் பாட்டு 1978இல் குளோரியா கெய்னர் பாடியது. ஃபிரெடி பெரன், டினோ ஃபெகாரிஸ் இருவரும் எழுதியது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒப்புக்குச் சேர்த்த பாட்டு அது. டிஸ்கோ கூடங்களில் தட்டைச் சுழற்றியவர்கள் திருப்பிப் போட்டுக் கேட்டு, 1979 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறந்த டிஸ்கோ பதிவுக்கென்று கிராமி விருது ஒரே ஒரு முறை, 1980இல், கொடுக்கப்பட்டது. அதுவும் இதற்குத்தான்.

1996இல் வந்த கவர்களில், அதாவது மற்றவர்கள் பாடிய மறுவடிவங்களில், இரண்டைச் சொல்கிறேன். ஷாண்டே சாவேஜ் அதை நள்ளிரவில் தனியே பாடுவதுபோல இழுத்து இழுத்துப் பாடினார். கேக் என்ற கலிபோர்னிய ராக் குழு உணர்ச்சியே காட்டாத குரலில், டிரம்பெட் வைத்துப் பாடியது. அதில் ஒரு கெட்ட வார்த்தையைச் செருகியது கெய்னருக்குப் பிடிக்கவில்லை. ஹெர்ம்ஸ் ஹவுஸ் பேண்ட் என்ற டச்சு மாணவர் குழுவின் கூச்சல் வடிவமோ 1998 உலகக் கோப்பையின்போது பிரெஞ்சு ரசிகர்களின் கீதமாகிவிட்டது.

இத்தனையிலும் மாறாதது எது?

முதல் பாதி விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சுரம் என்பது அதிர்வெண். ஆனால் மூளை நினைவில் வைப்பது பெரும்பாலும் அதிர்வெண்களின் விகிதத்தை. ஒரு ஸ்தாயியில், அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, 12 ஸ்தானங்கள், அதாவது சுர இடங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல். எந்தக் கட்டையில் தொடங்கினாலும் அந்த விகிதங்கள் மாறாதவரை அதே மெட்டுத்தான். ஆறு மாதக் குழந்தைகூடப் பழகிய மெட்டைச் சுருதி மாற்றிப் போட்டால் அடையாளம் காண்கிறது. ஸ்டார்லிங் என்ற மைனாக் குடும்பத்துப் பறவைகளோ, பழக்கிய சுர வரிசையைச் சற்று மேலேற்றினாலே தடுமாறுகின்றன. 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 432இல் சுருதி வைத்தால் பிரபஞ்சத்தோடு இணையலாம் என்று பரவும் காணொளிகளை இதனால்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த வித்தியாசம் ஒரு ஸ்தானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. ஹெர்ட்ஸ் என்பதே நொடியைச் சார்ந்த அளவு. நொடி மனிதர் வகுத்துக்கொண்டது.

இரண்டாம் பாதி விடையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். இந்தப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் தனித்தனி கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) கிடையாது. ஒரே கார்டு வரிசை முதலிலிருந்து கடைசிவரை சுற்றிச் சுற்றி வருகிறது. மூலப் பாட்டு ஏ மைனர், அதாவது நம் வாத்தியக்காரர்கள் சொல்லும் ஆறு கட்டை. அதைச் ச என்று வைத்தால், கார்டுகளின் அடிச்சுரம் இப்படிப் போகும்: ச, ம, நி, க, த, ரி, ப, மீண்டும் ச.

தாறுமாறாகத் தெரியும் இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தம்புராவில் ச தந்தியை மீட்டிவிட்டு அமைதியாகக் கேளுங்கள். உள்ளிருந்து ப மெல்ல எழும். 110 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி 220, 330, 440 என்றும் சேர்ந்தே அதிர்கிறது. அந்த 330தான் மேல் ஸ்தாயியின் ப. ச-வின் வயிற்றில் பிறந்த பிள்ளை ப என்று சொல்லலாம். அதனால் ப-விலிருந்து ச-வுக்குப் போவது, பிள்ளை தாயிடம் திரும்புவது போல நிம்மதியாகக் கேட்கிறது. பழந்தமிழர் குரல், இளி என்று அழைத்ததும் இந்த ச, ப இணையைத்தான்.

இப்போது வரிசையைத் திரும்பப் பாருங்கள். ம-வை ஆதாரமாக வைத்தால் அதன் ப எது? ச. நி-யின் ப? ம. க-வின் ப? நி. ஒவ்வொரு அடியிலும் பாட்டு பிள்ளையை விட்டுத் தாயிடம் போகிறது. உடனே அந்தத் தாயே இன்னொருத்தியின் பிள்ளையாகிவிடுகிறாள். நிம்மதி கிடைக்கிறது, ஆனால் நிற்க முடிவதில்லை. அடுத்து எங்கே போகும் என்று காது முன்கூட்டியே சாய்ந்து காத்திருக்கிறது. இசை கற்காதவர்களுக்கும் எதிர்பாராத கார்டு விழுந்தால் ஏறக்குறைய 200 மில்லி நொடிக்குள் மூளை மின்னலையில் அதன் தடம் தெரிகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன.

கணக்குப் போட்டால் ஓர் உறுத்தல் வரும். ஒவ்வொரு தாவலும் 5 ஸ்தானம். ஏழு தாவலுக்கு 35. மூன்று ஸ்தாயி என்றால் 36. ஒன்று குறைகிறது, வீட்டு வாசலுக்கு ஒரு படி முன்பே நின்றுவிட வேண்டும். அதைச் சரிக்கட்டும் இடம் த-விலிருந்து ரி-க்குப் போகும் தாவல். அங்கே மட்டும் 6 ஸ்தானம். இந்தப் பாட்டின் சுரங்களைக் கொண்ட நடபைரவி ராகத்தின் ஏழு சுரங்களுக்குள்ளேயே நடந்தால் அந்த நீட்டல் தானாக நேர்கிறது. பாட்டில் ஒரு கணம் தரை நழுவுவதுபோல் இருக்கும் இடம் அதுதான். உடனே ப கார்டு வருகிறது; அதில் நி ஓர் ஸ்தானம் உயர்ந்து, நடபைரவி கீரவாணி ராகமாகிறது. ச-வுக்கு ஒட்டிய படியில் நிற்கும் அந்த நி, கையைப் பிடித்து இழுத்துப்போய் வீட்டில் விடுகிறது.

வாசகரின் காது பிடித்துக்கொண்டது மெட்டின் விகிதங்களையும் இந்தச் சுற்றையும்தான். இவை இரண்டும் வேகத்தையோ வாத்தியத்தையோ மொழியையோ சார்ந்தவை அல்ல. டிஸ்கோவின் அடியை எடுத்துவிட்டுச் சல்சாவின் தாளத்தை வைத்தாலும் ம-வுக்குப் பின் நி வந்தே தீரும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்டு எதிர்பார்ப்பு குறித்த சோதனைகளில் பெரும்பாலானவை மேற்கத்திய இசையில் வளர்ந்தவர்களிடம் நடந்தவை. ராகம் கேட்டு வளர்ந்து, சினிமாப் பாட்டு வழியே கார்டையும் பழகிய காதுகள் நம்மிடம் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இந்த ராகம் அந்த நோயைத் தீர்க்கும் என்ற ஆதாரமற்ற பேச்சுக்குக் கிடைக்கும் மேடையில் ஒரு பங்கு பணமாக ஒரு நல்ல ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்தால், உலகில் வேறெங்கும் எளிதில் செய்ய முடியாத சோதனைகளை இங்கே செய்யலாம். அந்தப் பணம் வர வேண்டும் என்று உண்மையிலேயே ஏங்குகிறேன்.

கைபேசியில் ஒரு கீபோர்டு செயலி இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஏ, டி, ஜி, சி, எஃப், பி, இ, ஏ. எல்லாம் வெள்ளைக் கட்டைகள். ஏழு தாவலில் திரும்பிவிட்டீர்கள். இனி எஃப் வந்ததும் நீட்டாமல், 5 ஸ்தானமே தாவுங்கள். கறுப்புக் கட்டையில் விழுவீர்கள். அப்படியே தொடர்ந்தால் ஐந்து கறுப்புக் கட்டைகளையும் தொட்டுவிட்டுத்தான் பி-க்கு வந்து சேர்வீர்கள். வீடு திரும்ப மொத்தம் 12 தாவல் ஆகும்.